3 ஒலிம்பிக் ஃபைனல், வாங்கியது ஒரே 1 கோல்: யார் இந்த சங்கர் லட்சுமண்?

1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ. அடுத்தடுத்து 3 ஒலிம்பிக். மூன்றிலும் ஹாக்கி ஃபைனலில் மோதியது இந்தியாவும் பாகிஸ்தானும். மூன்றிலும் இந்திய கோலுக்கு முன்னால் நின்றவர் ஒரே ஆள். மூன்று ஃபைனலையும் சேர்த்து அவரைத் தாண்டிப் போன பந்து ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று, இந்தியாவின் தங்கத்தை வெள்ளியாக மாற்றிவிட்டது.

அவர் பெயர் சங்கர் லட்சுமண். தியான் சந்த் பெயர் எல்லோருக்கும் தெரியும். பல்பீர் சிங், தன்ராஜ் பிள்ளை என்று கோல் அடித்தவர்களின் பெயரும் ஓரளவு தெரியும். ஆனால் கோலைத் தடுத்தவர்களில், ஸ்ரீஜேஷுக்கு முன்னால் ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால் பலருக்கும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்று ஒரு பள்ளி மாணவிக்கு கோல்கீப்பர் ஆக ஆசை என்றால் போனை எடுத்துத் தேடினால் போதும். எப்படி நிற்பது, எப்படிச் சறுக்குவது, பந்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று வீடியோ வீடியோவாக வரும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த ஐஸ் ஹாக்கி பயிற்சி வீடியோக்கள்கூட நடுநடுவே வரும். லட்சுமண் ஆடிய காலத்தில் இதெல்லாம் எதுவுமே கிடையாது. கோல்கீப்பருக்கென்று தனி கோச் வைக்கும் வழக்கமும் அப்போது இல்லை.

அப்படியென்றால் அவர் எங்கே கற்றார்? அவர் கற்றது அவருக்குப் பிறகு என்ன ஆனது?

பேண்ட் வாசிக்கப் போன பையன்

லட்சுமண் பிறந்தது 1933 ஜூலை 7-ம் தேதி, மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கத்தில் இருக்கும் மாவ் என்ற ராணுவ ஊரில். அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் இதே ஊர்தான். இன்று ஊரின் பெயரே டாக்டர் அம்பேத்கர் நகர்.

ராணுவ முகாம் இருக்கும் ஊரில் வளரும் பையன்களுக்கு இரண்டு விஷயம் பழகிவிடும். ஒன்று விளையாட்டு மைதானம். இன்னொன்று சீருடை. லட்சுமணுக்கும் அப்படித்தான். ஆனால் அவர் முதலில் ஆடியது ஹாக்கி இல்லை, கால்பந்து.

1947-ல், நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டில், அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது வயது 14-தான். துப்பாக்கி தூக்கும் சிப்பாயாக அல்ல, பேண்ட் வாசிக்கும் பையனாக. மராத்தா லைட் இன்ஃபண்ட்ரி படைப்பிரிவின் பேண்ட் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் இந்திய ஹாக்கிக்கு வீரர்களைக் கொடுத்த பெரிய இடங்கள் ராணுவம், ரயில்வே, போலீஸ் ஆகியவைதான். வேலையும் கிடைக்கும், மைதானமும் கிடைக்கும், தினமும் ஆட ஆளும் கிடைப்பார்கள். தியான் சந்த் வந்ததும் ராணுவத்திலிருந்துதான். லட்சுமணும் அங்கேதான் கால்பந்திலிருந்து ஹாக்கிக்கு மாறினார். 1955-ல் ராணுவத்தின் சர்வீசஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒலிம்பிக் அணியில் இடம். கோல்கீப்பராகப் பெயர் எடுக்க பலருக்குப் பல வருஷம் ஆகும். இவருக்கு எல்லாம் வேகமாக நடந்தது.

கால்பந்து எப்படிக் கைகொடுத்தது?

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து ஹாக்கி கோல்கீப்பர் எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும்.

இன்றைய கோல்கீப்பரை டிவியில் பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், இரண்டு கையிலும் தடித்த கையுறை, காலில் பெரிய ஃபோம் பேட், அதற்குக் கீழே பாதத்தை மூடும் கிக்கர். முழுக்க மூடிய ஆள். லட்சுமண் காலத்தில் ஹெல்மெட் கிடையாது, மார்புக் கவசம் கிடையாது. கிரிக்கெட் பேட் மாதிரியான கால் பேட், பாதத்துக்கு ஒரு காப்பு, சாதாரணக் கையுறை. அவ்வளவுதான்.

எதிரில் வரும் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை, அதே மாதிரி கடினம். ஹாக்கியில் கோல் அடிக்க வேண்டுமென்றால் வட்டத்துக்குள் இருந்துதான் அடிக்க வேண்டும். வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர் தூரம். அங்கிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால் கோல்கீப்பருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் அரை நொடி. அதற்குள் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உள்ள கோலை அவர் காக்க வேண்டும்.

தரையும் இன்றைய மாதிரி இல்லை. செயற்கைப் புல்தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது 1976 மாண்ட்ரியலில்தான் முதல்முறை. அதற்கு முன்னால் எல்லாமே இயற்கைப் புல். பந்து நேராக வரும் என்று நம்பிக் காலை வைத்தால், ஒரு சின்ன மேட்டில் பட்டு முகத்துக்கு எழும்பும்.

இந்த நிலைமையில் கோல்கீப்பருக்குக் கையை விடக் கால்தான் முக்கிய ஆயுதம். வட்டத்துக்குள் காலால் பந்தை நிறுத்தலாம், காலால் உதைத்து வெளியேற்றலாம் என்பது கோல்கீப்பருக்கு மட்டும் விதி கொடுத்த சலுகை. மற்ற வீரர்கள் யார் காலில் பட்டாலும் தவறு. அதாவது, ஹாக்கி அணியில் 10 பேர் மட்டையால் ஆடுவார்கள். ஒருவர் மட்டும் பாதி கால்பந்து ஆடுவார்.

லட்சுமணின் கால்பந்து இங்கேதான் கைகொடுத்தது. உருண்டு வரும் பந்தின் வேகத்தை உள்ளங்காலின் பக்கவாட்டால் அடக்குவது, எந்தக் காலில் எடையைப் போட்டு எந்தக் காலால் உதைப்பது, உதைத்த பந்து எதிரியின் மட்டைக்குப் போகாமல் ஓரமாகப் போக என்ன கோணம், இதெல்லாம் கால்பந்து ஆடியவருக்கு உடம்பிலேயே இருக்கும். மட்டையை மட்டும் பிடித்து வளர்ந்தவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

அவருக்கு யாரும் ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. வேறு ஒரு ஆட்டத்துக்காகப் பழகிய கால், இந்த ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. அது அவருடைய திறமை. கூடவே இந்திய ஹாக்கியின் அதிர்ஷ்டமும்.

மெல்போர்ன்: சென்னைக்காரர் இருந்த அணி

1956 மெல்போர்ன் அணியில் 2 கோல்கீப்பர்கள். ஒருவர் 23 வயது லட்சுமண். இன்னொருவர் மதராஸ் ஹாக்கியின் பெருமை, போலீஸ்காரர் ரங்கநாதன் ஃபிரான்சிஸ். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என்று ஏற்கெனவே 2 தங்கம் வாங்கியவர். மெல்போர்னோடு சேர்த்து அது 3 ஆனது. தமிழ்நாட்டில் 3 ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த ஒரு ஹாக்கி வீரர் இருந்தார், அவரும் கோல்கீப்பர்தான் என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மெல்போர்னில் இந்தியா முதல் 3 ஆட்டங்களிலேயே எதிரிகளை நசுக்கியது. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14 கோல், அமெரிக்காவுக்கு எதிராக 16, சிங்கப்பூருக்கு எதிராக 6. இந்த மாதிரி ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு வேலை குறைவு. கேட்க நன்றாக இருக்கும், நிற்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். அரை மணி நேரம் பந்தே வராது. திடீரென்று ஒரு பந்து வரும். அதை விட்டால் மொத்தப் பழியும் அவர் தலையில்.

செமிஃபைனலில் கதை மாறியது. ஜெர்மனியை 1-0 என்றுதான் வெல்ல முடிந்தது. ஃபைனலில் பாகிஸ்தானுக்கு எதிராகவும் அதே 1-0. ரந்தீர் சிங் ஜென்டில் அடித்த அந்த ஒரு கோல் தங்கம் கொடுத்தது. அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் மறுபக்கம் பந்து உள்ளே போகாததுதான். மொத்தப் போட்டியில் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது 0.

ரோம்: அந்த ஒரு கோல்

1928 ஆம்ஸ்டர்டாம் முதல் 1956 மெல்போர்ன் வரை தொடர்ந்து 6 தங்கம். ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு ஹாக்கி ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. இந்தப் பாரத்தோடுதான் 1960-ல் லெஸ்லி கிளாடியஸ் தலைமையில் அணி ரோம் போனது.

கால் இறுதியில் ஆஸ்திரேலியாவுடன் 1-0. அரை இறுதியில் பிரிட்டனுடன் 1-0. இந்திய முன்வரிசை முன்பு போல கோல் மழை பொழியவில்லை, பின்னால் நிற்பவர்கள்தான் தாங்கினார்கள். ஃபைனலில் முதல் பாதியிலேயே பாகிஸ்தானின் நசீர் பந்தா அடித்த பந்து உள்ளே போனது. மீதி நேரம் முழுக்க இந்தியா முயன்றும் சமன் செய்ய முடியவில்லை. 0-1. முப்பது வருஷத்துக்கும் மேலான ஆதிக்கம் அன்றோடு முடிந்தது.

கோல்கீப்பர் வேலையின் கொடுமை இதுதான். முன்வரிசை வீரர் 10 வாய்ப்பில் 9-ஐ விட்டு 1-ஐ அடித்தால் ஹீரோ. கோல்கீப்பர் 10-ல் 9-ஐத் தடுத்து 1-ஐ விட்டால், ஊர் பேசுவது அந்த ஒன்றைத்தான். ரோம் ஃபைனலில் இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் பதிவானது லட்சுமண் விட்ட 1.

டோக்கியோ: பாகிஸ்தான் தட்டிய கதவு

4 வருஷம் கழித்து டோக்கியோவில் மறுபடி அதே மோதல். கேப்டன் சரண்ஜித் சிங். அணியில் சென்னையைச் சேர்ந்த ராணுவ வீரர் வி.ஜே. பீட்டரும் இருந்தார். லீக் சுற்றில் ஜெர்மனியுடனும் ஸ்பெயினுடனும் 1-1 டிரா. இந்த அணியால் முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. அரை இறுதியில் ஆஸ்திரேலியாவை 3-1 என்று வென்றதும் நம்பிக்கை வந்தது.

1964 அக்டோபர் 23, ஃபைனல். பெனால்டி கார்னரில் பிரிதிபால் சிங் அடித்த பந்து பாகிஸ்தான் வீரர் காலில் பட்டது. அதற்காகக் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை மொஹிந்தர் லால் கோலாக்கினார். 1-0.

அதன் பிறகு பாகிஸ்தான் விடாமல் தாக்கியது. பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னர். அந்தக் காலத்து பெனால்டி கார்னரில் இன்றைய டிராக் ஃபிளிக் கிடையாது. ஓரத்திலிருந்து தள்ளும் பந்தை ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் மட்டையை ஓங்கி அடிப்பார். முகத்தில் கவசம் இல்லாத ஒருவர் அந்த அடிக்கு எதிராக ஓடி வர வேண்டும்.

லட்சுமண் ஒவ்வொன்றாகத் தடுத்தார். பந்து அவரைத் தாண்டவே இல்லை. தங்கம் மறுபடி இந்தியாவுக்கு. அந்த ஃபைனலை நினைவுகூரும்போது கோல் அடித்த மொஹிந்தர் லாலுக்கு இணையாக லட்சுமண் பெயரும் வருகிறது. கோல்கீப்பர்களுக்கு இது அபூர்வம். 1964-ல் அர்ஜுனா விருது, 1967-ல் பத்மஸ்ரீ என்று அங்கீகாரமும் வந்தது.

கோல்கீப்பர் கேப்டன் ஆகலாமா?

ஆசியப் போட்டியில் இந்திய ஹாக்கிக்கு ஒரு குறை இருந்தது. 1958-ல் டோக்கியோவில் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பாகிஸ்தானுடன் 0-0 டிரா. கோல் சராசரியில் தங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. 1962 ஜகார்த்தாவிலும் வெள்ளிதான். ஒலிம்பிக்கில் 7 தங்கம் வைத்திருந்த நாட்டுக்கு ஆசியாவில் ஒன்றுகூட இல்லை.

1966 பாங்காக் போட்டிக்கு கேப்டனாக லட்சுமணை நியமித்தார்கள். இந்திய அணிக்கு ஒரு கோல்கீப்பர் கேப்டன் ஆனது அதுதான் முதல்முறை. மைதானத்தின் ஒரு மூலையில் நிற்பவர், நடுவருடன் பேச முடியாது, முன்வரிசையை நேரடியாக வழிநடத்த முடியாது என்பதுதான் வழக்கமான வாதம். ஆனால் மொத்த ஆட்டமும் முன்னால் விரிந்து தெரிவது அவர் ஒருவருக்குத்தான். யார் யாரைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று கத்திச் சொல்வது கோல்கீப்பரின் அன்றாட வேலை.

பாங்காக் ஃபைனலிலும் எதிரி பாகிஸ்தான். முடிவும் பழகிய 1-0. ஆசியப் போட்டி ஹாக்கியில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அடுத்த தங்கத்துக்கு 1998 வரை, தன்ராஜ் பிள்ளை கேப்டனாக வரும் வரை, 32 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் லட்சுமணுக்கு இடம் இல்லை. அவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார். கோல்கீப்பர்களாகப் போன இருவரில் ஒருவர் நம் நீலகிரிக்காரர் முனீர் சேட். மெக்சிகோவில் இந்தியா வெண்கலம்தான் வாங்கியது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஃபைனலுக்குள் நுழையாமல் திரும்பியது அதுவே முதல்முறை.

கால் கேட்ட விலை

லட்சுமண் ராணுவத்திலேயே தொடர்ந்தார். பேண்ட் பையனாகச் சேர்ந்தவர் 1979-ல் கேப்டன் பதவியில் ஓய்வு பெற்றார். பிறகு சொந்த ஊரான மாவுக்கே திரும்பினார்.

கடைசிக் காலம் வசதியாக இல்லை. பணக் கஷ்டம். ஒரு காலில் கேங்க்ரீன் என்ற திசு அழுகல் நோய் வந்தது. காலை எடுத்துவிடச் சொன்னார்கள் மருத்துவர்கள். அவர் அதற்குச் சம்மதிக்காமல் வேறு சிகிச்சைகளை நாடினார். 2006 ஏப்ரல் 29-ம் தேதி, 72 வயதில், மாவில் இறந்தார். ராணுவ மரியாதையோடு அவரை வழியனுப்பினார்கள்.

2 தங்கம், 1 வெள்ளி வாங்கிக் கொடுத்த கால் அது.

விருது கொடுத்தார்கள், பதவி உயர்வு கொடுத்தார்கள். ஆனால் 1968-க்குப் பிறகு, இந்த மனிதரைக் கூப்பிட்டு, நீங்கள் எப்படி நின்றீர்கள், எப்படித் தடுத்தீர்கள் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வைக்கும் நிரந்தர ஏற்பாடு எதுவும் நம் ஹாக்கியில் உருவாகவில்லை. இந்த இழப்பின் அளவு தெரிய, அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு கோல்கீப்பருக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

அதே காலம், கனடாவில்

ஐஸ் ஹாக்கியிலும் அப்போது கோல்கீப்பர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். கோல் சின்னது, அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். ஆனால் வருவது பந்து அல்ல, பக் என்கிற 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் தட்டு. முகத்தில் தையல் இல்லாத கோல்கீப்பரைப் பார்ப்பதே கஷ்டம்.

1959 நவம்பர் 1-ம் தேதி நியூயார்க்கில் ஓர் ஆட்டம். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் பட்டுக் கிழிந்தது. தையல் போட்டு வந்தவர், முகமூடி இல்லாமல் ஐஸில் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பயிற்சியில் மட்டும் போட்டுவந்த முகமூடி அது. ஆட்டத்தில் போட கோச்சுக்கு விருப்பமில்லை. பார்வை மறைக்கும், பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. மாற்று கோல்கீப்பர் இல்லாததால் வேறு வழியில்லாமல் விட்டார்கள். அணி ஜெயித்தது. முகமூடியும் நிலைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகு நடந்தது. பிளான்ட் தான் கற்றதை எழுதினார். 1972-ல் ஆன் கோல்டெண்டிங் என்ற புத்தகம் வந்தது. எப்படி நிற்பது, எந்தக் கோணத்தில் முன்னால் வருவது, பயிற்சியில் என்ன செய்வது என்று ஒரு கோல்கீப்பரே கோல்கீப்பர்களுக்காக எழுதிய பாடநூல். பின்னர் பெரிய அணிகளில் கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார்.

அதே 1972 செப்டம்பரில் கனடாவும் சோவியத் யூனியனும் மாண்ட்ரியலில் மோதின. ஆட்டத்துக்கு முன் பிளான்ட் சோவியத் அணியின் அறைக்கே போய், 20 வயது கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் டிரெட்டியாக்குக்கு, கனடா வீரர்கள் ஒவ்வொருவரும் எப்படி அடிப்பார்கள் என்று போர்டில் வரைந்து காட்டினார். எதிரணிக்காரருக்கு! அந்த ஆட்டத்தில் சோவியத் 7-3 என்று வென்றது. டிரெட்டியாக் பின்னாளில் உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் ஆனார். ஓய்வுக்குப் பிறகு அவரும் கோல்கீப்பர் பயிற்சியாளராகவே அமெரிக்கா போனார்.

பிளான்ட் 1986-ல் இறந்தார். ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, புத்தகத்திலிருந்து பயிற்சி முகாமுக்கு, முகாமிலிருந்து வீடியோவுக்கு என்று அந்தச் சங்கிலி அறுபடவில்லை. இன்று போனில் வரும் ஐஸ் ஹாக்கி பயிற்சி வீடியோக்கள் அந்தச் சங்கிலியின் புதிய கண்ணிகள்தான்.

அந்த வீடியோக்கள் நம் ஹாக்கிக்கு உதவுமா?

பாதி உதவும், பாதி ஆபத்து.

எது உதவும்? கோணத்தைக் குறைப்பது. கோல் கோட்டிலேயே நின்றால் அடிப்பவருக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம் தெரியும். இரண்டு அடி முன்னால் வந்தால் அந்த இடம் சுருங்கிவிடும். அடுத்தது பாதங்களைச் சின்னச் சின்ன அடியாக நகர்த்தி, அடி விழும் நொடியில் அசையாமல் நிற்பது. மூன்றாவது, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே கண்ணை வைப்பது. இந்த மூன்றும் ஐஸிலும் புல்தரையிலும் ஒன்றுதான்.

எது ஆபத்து? ஐஸ் ஹாக்கியில் பக்கைக் கையுறையால் பிடித்து வைத்துக்கொள்ளலாம், மேலே விழுந்து மூடலாம். ஆட்டம் நின்றுவிடும். நம் ஹாக்கியில் பந்தைப் பிடித்து வைக்கவோ அதன் மேல் படுக்கவோ கூடாது. செய்தால் தவறு. தடுத்த பந்தை அடுத்த நொடியே ஆள் இல்லாத பக்கம் தள்ளிவிட வேண்டும். இரண்டு முழங்காலையும் உள்பக்கமாக மடித்து ஐஸில் உட்காரும் பட்டர்ஃபிளை முறையும் அப்படியே பொருந்தாது. இங்கே கோல் இரண்டு மடங்கு அகலம். எல்லா அடிக்கும் உட்கார்ந்துவிட்டால் ஓரம் முழுக்கத் திறந்துவிடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பெனால்டி கார்னரில் மட்டையை ஓங்கி அடிக்கும் முதல் அடி, கோல் பலகையின் 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் லட்சுமண் காலத்தில் காலை நம்பிய கோல்கீப்பர், இன்று கை, தோள், மட்டை என்று முழு உடம்பையும் பயன்படுத்த வேண்டும்.

வீடியோவில் இருப்பது எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாமல், இது எந்த ஆட்டத்துக்கான பாடம் என்று பிரித்துச் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வீடியோ கோச்சின் இடத்தைப் பிடிக்காது.

கோவில்பட்டியில் இருந்து பார்த்தால்

இந்திய அணியில் இப்போது நிலைமை மாறியிருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வான் டி போல் கோல்கீப்பர்களுக்கென்றே பயிற்சி கொடுக்க வந்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியின் கடைசி நொடி பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு பதக்கம் வந்தது. 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்றவரை உடனே ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். லட்சுமணுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

ஆனால் கேள்வி தேசிய அணியில் இல்லை, ஊர் மைதானத்தில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டிதான் தமிழக ஹாக்கியின் நாற்றங்கால். செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. இங்கிருந்து மாரீஸ்வரன் சக்திவேல், இங்கே பயின்ற அரியலூர் கார்த்தி செல்வம் ஆகியோர் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். இருவரும் முன்வரிசை வீரர்கள்.

கோல்கீப்பர் உருவாவது அதைவிடக் கஷ்டம். முழு கிட் வாங்க, மற்ற வீரர்களுக்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். வளரும் பிள்ளைக்கு அளவும் மாறிக்கொண்டே இருக்கும். அணிக்கு 11 பேரில் இடம் ஒன்றே ஒன்று. கோச் ஒருவரே என்றால் அவர் பார்வை மீதி 10 பேர் மேல்தான் அதிகம் இருக்கும். பயிற்சி முழுக்க கோல்கீப்பர் மற்றவர்கள் அடித்துப் பழகும் சுவராகவே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்.

இதை மாற்ற பெரிய பட்ஜெட் தேவையில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் 20 நிமிஷம் கோல்கீப்பருக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு சுவரும் இருந்தால் கண்ணையும் கையையும் பழக்கலாம். போனை கோலுக்குப் பின்னால் வைத்து எடுத்த வீடியோவை அன்றே போட்டுப் பார்த்தால், கோட்டிலேயே ஒட்டி நிற்கிறோமா என்று அவருக்கே தெரியும். முன்னாள் கோல்கீப்பர் ஒருவர் ஊரில் இருந்தால் வாரம் ஒருநாள் கூப்பிடலாம்.

ஃபிரான்சிஸுக்கும் லட்சுமணுக்கும் தெரிந்ததை இனி யாராலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இன்று 50, 60 வயதில் ஊர் ஊராக இருக்கும் பழைய கோல்கீப்பர்களிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.